கேமராவைப் பார்க்காதே என்று சொல்ல நீங்கள் யார்?

ஆடி பிறந்துவிட்டால் புதுச்சேரியைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கு இரண்டு வகை வண்டிகள் வரத் தொடங்கும். ஒன்று, மைக் செட்டும் சீரியல் லைட்டும் ஏற்றிய டாட்டா ஏஸ். இன்னொன்று, முதுகில் கேமரா பை மாட்டியவர்களின் பைக்குகளும் வாடகைக் கார்களும். சாகை வார்த்தல், செடல், தீமிதி, தேர் என எந்த நாளில் எந்த ஊரில் என்ன நடக்கும் என்பது ஊர்க்காரர்களைவிட இவர்களுக்குச் சரியாகத் தெரிகிறது. புரட்டாசியில் குலசேகரப்பட்டினம் போகிறார்கள். மாசியில் மயானக் கொள்ளைக்கும், வைத்திக்குப்பம் கடற்கரையில் நடக்கும் மாசிமகத் தீர்த்தவாரிக்கும் வருகிறார்கள். சித்திரையில் கூவாகம்.

படம் எடுக்க வருகிறவர்கள் மீது எங்களுக்குப் பகை இல்லை. நம் விழாக்களை, நம் பறையை, நம் அம்மன்களை உலகம் பார்க்கட்டும். எங்கள் கேள்வி குழந்தைகளைப் பற்றியது. காலனித் தெருக்களில், குப்பங்களில், இருளர் குடியிருப்புகளில் திருவிழா நாளன்று இந்தக் கேமராக்கள் அதிகம் தேடுவது குழந்தைகளின் முகங்களைத்தான். அந்த முகங்கள் யாரிடமும் கேட்காமல் எடுக்கப்படுகின்றன. ஏன் என்று கேட்டால் ‘கேண்டிட்’ என்கிறார்கள். கேட்காமல் எடுப்பதற்கு ஒரு கலைப்பெயர் கிடைத்துவிட்டது.

என்ன நடக்கிறது என்பதை ஒருமுறை அருகில் நின்று பாருங்கள். கேமராவைக் கண்டதும் பிள்ளைகள் ஓடி வருகிறார்கள். ஒருத்தி தலையைக் கோதிவிட்டுக்கொள்கிறாள். ஒருவன் சட்டைப் பொத்தானைப் போடுகிறான். தோளில் கை போட்டு, இரண்டு விரலைக் காட்டி, கூலிங் கிளாஸைக் கடன் வாங்கி மாட்டி, தனக்குப் பிடித்த நடிகரைப் போல ஒரு காலை மடக்கி நிற்கிறார்கள். வந்தவருக்கு முகம் சுருங்குகிறது. “தம்பி, கேமராவைப் பார்க்காதே. நீ பாட்டுக்கு விளையாடு” என்கிறார். பிள்ளைகள் சிறிது நேரம் சுற்றிச் சுற்றி வந்து, அலுத்துப் போய்க் கலைகிறார்கள். அப்போதுதான் அவர் வேலை தொடங்குகிறது. மூக்கு ஒழுகும்போது, கூழ் உதட்டிலிருந்து வழியும்போது, வெயில் தாங்காமல் சட்டையைக் கழற்றிப் போட்டபின், கூட்டத்தில் அம்மாவைக் காணாமல் அழும்போது எடுக்கிறார். அதற்குப் பெயர் இயல்பு.

நாங்கள் சொல்ல வருவது இதுதான். ஒரு குழந்தை கேமராவைப் பார்த்து நிமிர்ந்து நிற்பது, அவள் தன்னைப் பற்றிச் சொல்லும் சொல். ‘நான் இப்படி; என்னை இப்படிப் பார்’ என்று அவள் சொல்கிறாள். அந்தச் சொல்லை வேண்டாம் என்று தள்ளிவிட்டு, அவள் அறியாத நேரத்தில் எடுத்த படத்தை ‘உண்மையான அவள்’ என்று சுவரில் மாட்டுவது கலை அல்ல. அவளைப் பற்றிப் பேசும் உரிமையை அவளிடமிருந்து எடுத்துக்கொள்வது. நம்மைப் பற்றி மற்றவர்களே பேசிப் பேசி, நாம் பேச வாய் திறக்கும்போது ‘நீ சும்மா இரு’ என்று சொல்லப்பட்ட வரலாறு நமக்கு உண்டு. “கேமராவைப் பார்க்காதே” என்பது அந்த வரலாற்றின் புதிய வாசகம்.

போஸ் கொடுப்பது செயற்கை என்று கேலி செய்கிறவர்கள், நம் தெருமுனையில் நிற்கும் பாபாசாகேபைப் பார்க்கட்டும். கோட், டை, கண்ணாடி, கையில் அரசியல் சட்டம், நீட்டிய விரல். இடுப்புத் துணியோடு, குனிந்த முதுகோடுதான் நம்மைப் பார்க்க இந்த நாட்டுக்குப் பழக்கம். அந்தப் பழக்கத்துக்கு எதிராக அந்தக் கோட் நிற்கிறது. தான் எப்படிப் பார்க்கப்பட வேண்டும் என்று ஒரு மனிதர் முடிவு செய்ததை, கோடிக்கணக்கான மக்கள் தங்கள் முடிவாக எடுத்துக்கொண்டார்கள். அதனால்தான் சாதிவெறியர்கள் அந்தச் சிலையின் விரலை உடைக்கிறார்கள், அரசு அதைக் கம்பிக் கூண்டுக்குள் அடைக்கிறது. காட்சி என்பது எவ்வளவு பெரிய அரசியல் என்று நமக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

திருவிழா என்பது நம் பிள்ளைகள் ஆண்டில் ஒருநாள் புதுத்துணி போடும் நாள். காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பேரம் பேசி, கடன் சொல்லி, கூலிப் பணத்தில் மிச்சம் பிடித்து எடுத்த துணி. ஜிகினா வைத்த கவுன், பளபளக்கும் சட்டை. காலையில் அந்தப் பிள்ளை எப்படி இருந்தாள் என்பதை எந்தக் கேண்டிட் படத்திலும் நீங்கள் பார்க்க முடியாது. புதுத்துணி போட்ட சேரிப் பிள்ளை அவர்களுக்குக் ‘கிராமமாக’த் தெரிவதில்லை. கிழிந்ததும் அழுக்கும் புழுதியும் இருந்தால்தான் அது கிராமம். ஊரே பளிச்சென்று இருக்கும் ஒரே நாளில் வந்து, அழுக்கை மட்டும் தேடி எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

எங்கள் களப்பணியில் கண்ட ஒன்றைச் சொல்கிறோம். ஊரும் பெயரும் வேண்டாம். ஒன்பது வயதுச் சிறுமி. சாகை வார்த்தல் அன்று, யார் அதிகம் குடிப்பது என்று தோழிகளோடு பந்தயம் கட்டி, மூன்றாவது சொம்புக் கூழைத் தலைக்கு மேல் தூக்கிக் குடித்துக்கொண்டிருந்தாள். அப்போது எடுத்த படம் நகரில் ஒரு கண்காட்சிக்குப் போனது. தலைப்பு: ‘பசி’. கீழே ஊர்ப்பெயர். அங்கிருந்து இன்ஸ்டாகிராமுக்கு, அங்கிருந்து பள்ளிக்கூடத்துப் பையன்களின் அண்ணன்மாருடைய போன்களுக்கு. இரண்டே நாளில் அவளுக்கு வகுப்பில் ‘கூழு’ என்று பெயர் வந்தது. பள்ளிக்குப் போகமாட்டேன் என்று இரண்டு வாரம் வீட்டில் கிடந்தாள். அவள் அம்மா எங்களிடம் சொன்னது இது: “அன்னிக்கு அவளுக்கு நானூறு ரூபாய்க்குக் கவுன் எடுத்துக் குடுத்தேன். அதப் போட்டுக்கினு நின்னப்ப எடுக்கல. கழட்டிப் போட்டப்புறம் எடுத்துக்கினு போயிருக்கான்.” படம் எடுத்தவரிடம் பேசினோம். “பொது இடத்தில் எடுத்தது. சட்டப்படி தப்பில்லை. அந்தப் பொண்ணுக்குப் பெருமைதானே?” என்றார்.

ஊர்ப்பெயர் போட்டதில் என்ன தவறு என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். புதுச்சேரிக்காரர்கள் கேட்கமாட்டார்கள். பாகூர், நெட்டப்பாக்கம், வில்லியனூர், மண்ணாடிப்பட்டு எந்தக் கொம்யூனை எடுத்துக்கொண்டாலும், ஊர்ப்பெயரோடு ‘பேட்’ என்று ஒட்டியிருந்தால் அது யார் குடியிருக்கும் பகுதி என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் பட்டியல் சாதியினர் 15.7 விழுக்காடு. நம்மில் பெரும்பாலோரின் முகவரியே சாதிச் சான்றிதழ். பிள்ளையின் முகம், ‘பேட்’ என்று முடியும் ஊர்ப்பெயர், ‘பசி’ என்ற தலைப்பு. மூன்றையும் ஒரே படத்தில் போட்டு உலகத்துக்கு அனுப்பியவர் சாதியைச் சொல்லவே இல்லையாம்.

பெயரில்லாத முகம், முகத்துக்குக் கீழே இனப்பெயர் என்ற வழக்கம் இன்று நேற்று வந்ததல்ல. 1868 முதல் 1875 வரை ஃபோர்ப்ஸ் வாட்சனும் ஜான் வில்லியம் கேயும் தொகுத்து, எட்டுத் தொகுதிகளாக ‘இந்திய மக்கள்’ என்ற நூலைப் பிரிட்டிஷ் அரசு வெளியிட்டது. நானூற்றுக்கும் மேற்பட்ட புகைப்படங்கள். 1857 எழுச்சிக்குப் பிறகு, ஆளப்படுகிறவர்களை வகைபிரித்து அறிந்துகொள்ளும் தேவை அரசுக்கு இருந்தது. படத்தில் இருக்கும் பலருக்குப் பெயர் இல்லை; சாதிப்பெயரோ குலப்பெயரோதான் உண்டு. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்து, படம் எடுத்து, 1909இல் தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் போட்டார். அங்கே ஒரு மனிதர் மனிதராக நிற்கவில்லை. ஒரு வகையின் மாதிரியாக நின்றார். இன்று பெயரில்லாமல் ‘கிராமத்துச் சிறுமி’, ‘பசி’, ‘அப்பாவித்தனம்’ என்று தலைப்பு வைக்கும்போது நம் பிள்ளை மறுபடியும் மாதிரியாகிறாள். அளவுகோலுக்குப் பதில் லென்ஸ் வந்திருக்கிறது.

கேட்டு எடுக்கும் பழக்கமே இவர்களுக்கு இல்லையா என்றால், இருக்கிறது. ஆள் பார்த்து இருக்கிறது. வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேரைப் பாருங்கள். பிரெஞ்சு ஆட்சியில் கவர்னர் வந்து வடம் பிடித்த வழக்கம் தொடர்ந்து, இன்று துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடிக்கிறார். அந்த நேரத்தில் எந்தக் கேமரா எங்கே நிற்கலாம், எவ்வளவு தூரத்தில் நிற்கலாம் என்பதைப் போலீஸ்காரர்கள் சொல்கிறார்கள். ஆளுநர் கேமராவைப் பார்த்துச் சிரிக்கும் வரை எல்லோரும் காத்திருக்கிறார்கள். அவர் தும்மும்போது எடுத்த படத்தை மறுநாள் யாரும் போடுவதில்லை. அதே வடத்தை அதே நிமிடத்தில் பிடித்துக்கொண்டிருக்கும் மீனவர் வீட்டுப் பையனுக்கு அந்த மரியாதை இல்லை. அவன் எந்த நொடியில் எப்படி அகப்பட்டாலும் அது ‘நல்ல ஃபிரேம்’. வெள்ளை நகரத்து மஞ்சள் சுவர் முன்னால், பெற்றோரோடு விடுமுறைக்கு வந்த வெளியூர்க் குழந்தையைக் கேட்காமல் எடுத்துப் பாருங்கள். அந்தத் தகப்பன் உங்கள் கேமராவைப் பிடுங்குவார். அது உங்களுக்கும் தெரியும். அதனால்தான் அங்கே எடுப்பதில்லை. இங்கே எடுக்கிறீர்கள்.

‘பொது இடம்’ என்ற வாதத்துக்கு வருவோம். 2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்க உரிமை அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. பொது இடத்தில் இருக்கிறார் என்பதாலேயே ஒருவரின் அந்தரங்கம் இல்லாமல் போய்விடாது, அது இடத்தோடு அல்ல, ஆளோடு சேர்ந்தது என்ற விளக்கமும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையை 1992இல் இந்தியா ஏற்றுக்கொண்டது. அதன் 16ஆம் பிரிவு குழந்தையின் அந்தரங்கத்தைக் காக்கச் சொல்கிறது. 12ஆம் பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் குழந்தையின் கருத்தைக் கேட்கச் சொல்கிறது. கேமராவைப் பார்த்து நிமிர்ந்து நின்ற குழந்தை தன் கருத்தைச் சொல்லிவிட்டது. நீங்கள்தான் கேட்கவில்லை.

இங்கே ஒரு முக்கியமான ஓட்டையையும் பார்க்க வேண்டும். சிறார் நீதிச் சட்டம் 2015இன் 74ஆம் பிரிவும், போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவும் குழந்தையின் அடையாளத்தையும் படத்தையும் வெளியிடுவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்குகின்றன. ஆனால் யாருக்கு? குற்றத்துக்கு ஆளான குழந்தைக்கு, சாட்சியான குழந்தைக்கு, சட்டத்தோடு முரண்பட்ட குழந்தைக்கு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைக்கு. திருவிழாவில் கூழ் குடித்த குழந்தை இந்தப் பட்டியலில் இல்லை. அவளுக்கு ஏதாவது நடந்தபிறகுதான் அவள் முகத்துக்குச் சட்டத்தின் திரை கிடைக்கும். 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. ஆனால் தனிப்பட்ட, வீட்டுப் பயன்பாட்டுக்கு விலக்கும் கொடுத்திருக்கிறது. ‘இது என் பொழுதுபோக்கு’ என்று சொல்லி நுழைய அந்தக் கதவு போதும்.

படத்தின் சொந்தக்காரர் யார் என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். பதிப்புரிமைச் சட்டம் 1957இன்படி, படம் எடுத்தவரே அதன் ஆசிரியர். பொதுவாக முதல் உரிமையாளரும் அவரே. பணம் கொடுத்து எடுக்கச் சொன்னால் மட்டும், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், பணம் கொடுத்தவர் உரிமையாளர். கல்யாண மண்டபத்தில் பணம் கட்டியவர் வீட்டுப் பிள்ளையின் படம் அந்த வீட்டுக்குச் சொந்தம். சேரிப் பிள்ளையின் படம் வந்து எடுத்தவருக்குச் சொந்தம். 2012 திருத்தத்துக்குப் பிறகு, எடுத்தவரின் ஆயுள் முழுக்கவும் அவர் இறந்து 60 ஆண்டுகளும் இந்த உரிமை நீடிக்கும். ஆறு வயதில் எடுக்கப்பட்ட தன் முகத்தின் மீது ஒரு பெண்ணுக்குத் தன் பேரப்பிள்ளைகள் காலத்திலும் பதிப்புரிமை வராமல் போகலாம். இதைத் திருட்டு என்று சட்டம் சொல்லாது. நாம் என்ன பெயர் சொல்வது?

இந்த ஊர் பிரெஞ்சுச் சட்டத்தின் கீழ் இருந்த ஊர். 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் சட்டப்படி இந்தியாவோடு முழுமையாக இணைந்தது. அந்தப் பிரான்சில் சிவில் சட்டத்தின் 9ஆம் பிரிவு 1970 முதல் தனிவாழ்வுக்கான உரிமையைக் காக்கிறது. அதிலிருந்துதான் தன் உருவத்தின் மீது ஒவ்வொருவருக்கும் உள்ள உரிமையை அந்நாட்டு நீதிமன்றங்கள் வளர்த்தெடுத்தன. 2024 பிப்ரவரி 19இல் குழந்தைகளின் உருவ உரிமைக்கென்றே தனிச் சட்டம் வந்தது. தாயும் தந்தையும் சேர்ந்து அந்த உரிமையைக் காக்க வேண்டும், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்பக் குழந்தையையும் அந்த முடிவில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். தன் நாட்டில் பக்கத்து வீட்டுக் குழந்தையைப் படமெடுத்துப் போடத் தயங்கும் ஒரு பயணி, கடற்கரைச் சாலையிலிருந்து அரை மணி நேரத்தில் வரும் ஒரு சேரித் தெருவில் தயங்குவதில்லை. அவரோடு வரும் நம்மூர் வழிகாட்டி “இங்கே பிரச்சினை இல்லை, எடுங்கள்” என்கிறார். யாருக்குப் பிரச்சினை இல்லை?

இதே புதுச்சேரியில் 1881 செப்டம்பர் 21இன் பிரெஞ்சு ஆணையைப் பயன்படுத்தி, தங்கள் பழைய சட்டநிலையைத் துறந்து, பிரெஞ்சு சிவில் சட்டத்தின் கீழ் போய், குடும்பப் பெயர் எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. அவர்களில் தலித்துகளும் கிறித்தவர்களும் கணிசமானோர். சாதியால் மட்டும் அழைக்கப்படுவதிலிருந்து வெளியேற ஒரு பெயர் வேண்டும் என்று சட்டத்தின் வாசலில் போய் நின்றவர்கள் அவர்கள். நூற்று நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அவர்களின் மண்ணில் பிறந்த பிள்ளையைப் பெயரில்லாமல் சுவரில் மாட்டுகிறீர்கள்.

“நாங்கள் சாதி பார்த்து எடுக்கவில்லை, அழகு பார்த்து எடுக்கிறோம்” என்பார்கள். ஒப்புக்கொள்கிறோம், நீங்கள் யாருடைய சாதிச் சான்றிதழையும் கேட்கவில்லை. ஆனால் எது அழகு என்று உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? போட்டிகளில் பரிசு வாங்கிய படங்கள் சொல்லிக் கொடுத்தன. சட்டையில்லாத உடம்பு, பெரிய கண், கறுத்த தோலில் விழும் சாய்ந்த வெயில், பின்னால் பறையின் புகைமூட்டம். சேரி யாருக்கும் அசிங்கம்; சேரியின் படம் மட்டும் அழகு. அந்தத் தெருவில் தண்ணீர் வாங்கிக் குடிக்கத் தயங்குகிறவரும் அந்தத் தெருவின் படத்தை வரவேற்பறையில் மாட்டிக்கொள்வார். இந்த அழகுக்குள் சாதி இல்லை என்றால் வேறெங்கே இருக்கிறது?

“நல்ல நோக்கத்தோடுதான் எடுக்கிறோம், உலகத்தின் மனசாட்சியைத் தொட” என்பார்கள். உலகத்திலேயே அதிகம் பார்க்கப்பட்ட குழந்தை முகங்களில் ஒன்று, பாகிஸ்தான் அகதி முகாமில் 1984இல் ஸ்டீவ் மெக்கரி எடுத்த ஆப்கன் சிறுமியின் முகம். 1985 ஜூன் மாத நேஷனல் ஜியாகிரஃபிக் அட்டையில் வந்தது. அவர் பெயர் ஷர்பத் குலா என்று உலகத்துக்குத் தெரிந்தது 2002இல். பதினேழு ஆண்டுகள் உலகம் அந்தக் கண்களைப் பார்த்தது, பெயரைக் கேட்கவில்லை. 1984 போபாலில், மண்ணில் புதைக்கப்படும் குழந்தையின் முகம் விஷவாயுக் கொடுமையின் சின்னமானது. அந்தக் குழந்தையின் பெயர் இன்றும் யாருக்கும் தெரியாது. அந்தப் படம் எடுக்கப்பட்டிருக்க வேண்டும். அதில் எங்களுக்கு ஐயமில்லை. அது ஒரு பெருங்குற்றத்தின் சாட்சி. ஆனால் கூழ் குடிக்கும் பிள்ளை எந்தக் குற்றத்தின் சாட்சி? போபாலுக்குக் கிடைத்த நியாயத்தைத் திருவிழாவுக்குக் கடன் வாங்காதீர்கள்.

கேட்டுவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நாங்கள் சொல்லவில்லை. இத்தாலியப் புகைப்படக்காரர் அலெசியோ மாமோ, உத்தரப் பிரதேசத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் ஏழைக் கிராமத்து மக்களை, குழந்தைகளையும் சேர்த்து, போலி உணவு பரப்பிய மேசைக்கு முன் நிறுத்தி, கண்களை மூடிக்கொண்டு விரும்பிய உணவைக் கனவு காணச் சொன்னார். 2018 ஜூலையில் அந்தப் படங்கள் வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோவின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் வந்தபோது உலகமே காறித் துப்பியது. அவர் மன்னிப்புக் கேட்டார். அங்கே ஒளிந்து நின்று எடுக்கவில்லை, நிறுத்தி வைத்துத்தான் எடுத்தார். ஆனாலும் அந்தக் குழந்தைகள் நின்றது அவர்களுடைய போஸில் அல்ல. அவருடைய போஸில். கேட்பது என்பது “எடுக்கட்டுமா?” என்ற ஒற்றைக் கேள்வியோடு முடிவதில்லை. “உன்னை எப்படி எடுக்கட்டும்?” என்பதும் கேள்விதான்.

படம் ஒருமுறை இணையத்தில் ஏறிவிட்டால் எடுத்தவரின் கையிலும் அது இல்லை. செயற்கை நுண்ணறிவைப் பயிற்றுவிக்கப் பயன்படும் லயான்-5பி என்ற பெரும் தரவுத் தொகுப்பில் பிரேசில், ஆஸ்திரேலியக் குழந்தைகளின் படங்கள் அவர்களுக்கோ குடும்பங்களுக்கோ தெரியாமல் இருந்ததை 2024இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளிக்கொண்டு வந்தது. குழந்தையின் உடம்பு பாதி தெரியும் படம் எந்தெந்தக் கைகளுக்குப் போகும், எதுவாக மாற்றப்படும் என்று அந்த ‘நல்ல ஃபிரேம்’ எடுத்தவரால் உறுதி சொல்ல முடியுமா?

நம் வாழ்க்கை ஆவணமாக வேண்டாமா என்று நம் தோழர்களே கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. வேண்டும். எங்களைவிட அதை யார் விரும்புவார்கள்? இரட்டைக் குவளையைப் படம் எடுங்கள். சுடுகாட்டுப் பாதையில் போட்ட முள்ளைப் படம் எடுங்கள். பள்ளிக் கழிப்பறையைக் கழுவ எந்தத் தெருப் பிள்ளைகளை அனுப்புகிறார்கள் என்பதைப் பிள்ளைகளின் முகத்தை மறைத்துவிட்டு, அனுப்பியவரின் முகத்தோடு எடுங்கள். அம்மன் தேர் எந்தத் தெருமுனையோடு திரும்பிப் போய்விடுகிறது என்பதை எடுங்கள். எங்கள் அனுபவத்தில், அந்த நாட்களில் திருவிழாக் கேமராக்கள் வருவதில்லை. கூழுக்கும் பறைக்கும் வருகிறவை, வழக்குக்கும் மறியலுக்கும் வருவதில்லை. ஆதிக்கத்தை நோக்கிக் கேமராவைத் தூக்கத் துணிச்சல் வேண்டும். குழந்தையை நோக்கித் தூக்க ஒன்றும் வேண்டாம்.

வேறு வழி இருக்கிறது என்பதற்குச் சான்றும் இருக்கிறது. ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தின் ஒளிப்பதிவில் பங்காற்றி, மலக்குழி மரணங்களைத் தொடர்ந்து பதிவு செய்துவரும் மதுரையைச் சேர்ந்த புகைப்படக் கலைஞர் பழனிகுமார், தூய்மைப் பணியாளர்கள், மீனவர்கள் வீட்டுப் பிள்ளைகளின் கையிலேயே கேமராவைக் கொடுத்துக் கற்றுக்கொடுக்கிறார். அந்தப் பிள்ளைகள் தங்கள் அம்மாக்களை எடுக்கிறார்கள், வேலையை எடுக்கிறார்கள், வீட்டை எடுக்கிறார்கள். வெளியிலிருந்து வந்தவர் வறுமையைப் பார்த்த இடத்தில், பிள்ளை தன் அம்மாவைப் பார்க்கிறாள்.

இனி நாம் என்ன செய்யலாம்? ஊராட்சியில் தீர்மானம் போடலாம் என்றால், புதுச்சேரியில் 2006இல் நடந்த உள்ளாட்சித் தேர்தலுக்குப் பிறகு இன்னொரு தேர்தலே நடக்கவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட பஞ்சாயத்து என்று ஒன்று நமக்கு இல்லை. ஆனால் ஒவ்வொரு தெருவிலும் விழாக்குழு இருக்கிறது, இளைஞர் மன்றம் இருக்கிறது, மகளிர் குழு இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக மைக் செட் இருக்கிறது. நன்கொடை கொடுத்தவர்களின் பெயரை நூறு முறை வாசிக்கும் அதே மைக்கில் இதையும் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை வாசியுங்கள்: படம் எடுக்க வந்தவர்கள் முதலில் விழாக்குழுவிடம் வந்து பெயரும் போன் நம்பரும் எழுதிக் கொடுக்க வேண்டும்.

நோட்டுப் புத்தகத்தில் எழுதி வாங்க வேண்டியவை அதிகமில்லை. குழந்தையிடமும் வீட்டுப் பெரியவரிடமும் கேட்டபிறகே எடுக்க வேண்டும். எடுத்ததைக் காட்ட வேண்டும். வேண்டாம் என்றால் அங்கேயே அழிக்க வேண்டும். குளிக்கும், தூங்கும், அழும், உடை மாற்றும் குழந்தையை எடுக்கக் கூடாது. அருள் வந்து ஆடும் பெண் பிள்ளையை எடுக்கக் கூடாது. ஊர்ப்பெயரையும் தெருப்பெயரையும் பிள்ளையின் முகத்தோடு சேர்த்துப் போடக் கூடாது. பெயர் போடுவதா வேண்டாமா என்பதைக் குடும்பம் சொல்லட்டும். கண்காட்சி, போட்டி, விற்பனை எதுவானாலும் தனியாக எழுதி வாங்க வேண்டும். பணம் வந்தால் பங்கு வர வேண்டும். எடுத்த படத்தை ஒரு பிரிண்ட் போட்டு அந்த வீட்டில் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அதற்கு ஆகும் செலவு, திரும்பிப் போகிற வழியில் அவர் குடிக்கும் டீக்கு ஆகும் செலவுதான்.

இதையெல்லாம் கேட்டால் ‘இயல்பு’ போய்விடும் என்பார்கள். போகட்டும். கேட்டதால் போய்விடுகிற இயல்பு, கேட்காததால் மட்டுமே கிடைத்த இயல்பு. அதை இழப்பதில் நமக்கு ஒரு நட்டமும் இல்லை. உண்மையாகவே பொறுமையுள்ள கலைஞராக இருந்தால், நாலு முறை வந்து போகட்டும். பிள்ளைகளின் பெயர் தெரியட்டும், அவர் பெயர் பிள்ளைகளுக்குத் தெரியட்டும். அதன்பிறகு அவர் இருப்பதை மறந்து பிள்ளைகள் விளையாடுவார்கள். அப்போது கிடைப்பது திருடியதாக இருக்காது.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. வெள்ளைச் சட்டையும் பெரிய கேமராவுமாக ஒருவர் வந்து நின்றால், மறுக்கக் கூடாது என்று நமக்குப் பழக்கிவைத்திருக்கிறார்கள். ‘டிவியில் வரும்’, ‘உதவி கிடைக்கும்’ என்ற பேச்சையும் நம்பி நிற்கிறோம். “வேண்டாம் சார்” என்று சொல்லலாம். அது மரியாதைக் குறைவல்ல. நம் பிள்ளைக்கு நாம் தரும் மரியாதை. “எடுங்க சார், ஆனா அவ எப்படி நிக்கணும்னு சொல்றாளோ அப்படி எடுங்க” என்றும் சொல்லலாம். அதைவிட நல்ல பதில் இல்லை.

இந்த ஆடியிலேயே தொடங்குவோம். உங்கள் தெரு விழாக்குழுக் கூட்டத்தில் மேளத்துக்கு எவ்வளவு, பந்தலுக்கு எவ்வளவு என்று பேசும்போது, கேமராவுக்கு என்ன விதி என்பதையும் ஒரு பொருளாக வையுங்கள். நோட்டு ஒன்று வாங்குங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு பெண்பிள்ளையை அந்த நோட்டோடு பந்தல் வாசலில் உட்கார வையுங்கள். வந்தவர் அவள் முன்னால் குனிந்து தன் பெயரை எழுதட்டும்.